ஜாதிபத்திரி காய்ந்த மழைக்காலம்

திருவனந்தபுரம் தம்பானூரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரே ஒரு ஆட்டோ... அதன் இந்தப் பக்கத்தில் ஆதிரா, அந்தப் பக்கத்தில் அவன். இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பெட்டியை உள்ளே தள்ள, இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டன.

"ஹலோ! நான்தான் முதல்ல கை காட்டினேன்."

"கை காட்டினது நீங்க. ஆட்டோ நின்னது எனக்காக்கும்."

என்ன திமிர்! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் ஆதிரா நிமிர்ந்தாள். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, அவன் கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன... கேட்க வந்தது மறந்தே போனது. அதில் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"எவிடேக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பாளையம். கிராண்ட் இண்டர்வியூ நடக்குற ஹால்." இரண்டு குரல்களும் ஒன்றாக வந்தன.

"பின்னே எந்துக்கு வழக்கு? ரெண்டு பேரும் கேறுங்க."

ஏறினார்கள். நடுவில் பெட்டிகள், இரண்டு ஓரத்திலும் இவர்கள். அவன் மூக்கை உறிஞ்சினான்.

"பெட்டிக்குள்ள என்ன, பிரியாணியா?"

"ஜாதிபத்திரி. மழையில பூஞ்சை பிடிக்காம உலர்த்துற மெஷின். காத்துல ஈரம் இருந்தா ஓடும், ஈரம் போனா தானே நிக்கும். பாதி விறகு போதும்." சொல்லும்போதே அவள் குரலில் பெருமை ஏறிவிட்டது. "உங்க பெட்டியில?"

"மீன் பிடிக்கிற வள்ளத்துக்கு பேட்டரி மோட்டார். பேரு சுதீஷ். மோட்டாருக்கு இல்ல, எனக்கு."

சிரிக்கக்கூடாது என்று ஆதிரா வெளியே பார்த்தாள். எரிசக்திப் பிரிவில் ஒரே ஒரு சிறு நிறுவனத்துக்குத்தான் அரசின் ஆராய்ச்சி மானியம். கடைசிச் சுற்றுக்கு வந்திருந்த இரண்டு பேரும் இப்போது ஒரே ஆட்டோவில்!

"அப்போ நாம எதிரிகளாக்கும்," என்றான் சுதீஷ் மெதுவாக.

"ஆமா. தள்ளி உட்காருங்க."

"இதுக்கு மேல தள்ளினா நான் ரோட்டுல ஓடித்தான் வரணும்..."

போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் வளர்ந்து, இன்ஜினியரிங் படித்து, வித்துரா கடைத்தெருவுக்குப் பின்னால் தோழி சபீனாவோடு சின்னதாகப் பட்டறை போட்டவள் ஆதிரா. இன்று மானியம் கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு பட்டறைக்குப் பூட்டு. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வேலைக்கு அழைத்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு அந்த வேலை வேண்டாம். தான் செய்த இயந்திரம் தன் ஊரில் ஓடுவதைப் பார்க்க வேண்டும்... அவ்வளவுதான்.

அரங்கத்தில் அவள் முறை முதலில் வந்தது. தேர்வுக்குழுவுக்கு வணக்கம் சொல்லி, ஜாதிபத்திரியைத் தட்டில் பரப்பி, சுவிட்சைப் போட்டாள்.

ஒன்றுமில்லை.

மறுபடியும் போட்டாள். விசிறி அசையவே இல்லை. நேற்றுவரை ஓடியதே! உள்ளங்கை வியர்த்தது. ஆனால் நெற்றி ஜில்லென்றிருந்தது... ஏன் ஜில்லென்றிருக்கிறது? சுவரில் இரண்டு ஏசி கருமமே கண்ணாக ஓடிக்கொண்டிருந்தன.

அவளுக்கு உறைத்தது. போனக்காட்டில் பிறந்தவளுக்குக் காற்று என்றாலே ஈரம்தான். மூடுபனியிலும் மழையிலும்தான் இயந்திரத்தைச் சோதித்திருந்தாள். உலர்ந்த காற்று என்று ஒன்று இருப்பதை யோசிக்கவே இல்லை! ஏசி அறையின் காற்றை மோந்த இயந்திரம், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து ஜம்மென்று சும்மா இருந்தது.

"மேடம், மெஷின்ல கேடில்ல. தப்பு என்னோடது. காஞ்ச காத்துல இதை நான் ஓட்டிப் பாத்ததே இல்ல. ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தா இப்பவே ஓடும்."

குழுத்தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சரி. சீக்கிரம்."

ஏசி நின்றது. ஆனால் ஜன்னல்? எந்தக் காலத்தில் சாத்தியதோ, பெயிண்டோடு பெயிண்டாக ஒட்டிப்போயிருந்தது. ஆதிரா இழுத்தாள். தொங்கினாள். காலைச் சுவரில் ஊன்றிப் பார்த்தாள். அசைவதாக இல்லை. குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம். சுதீஷ்! தன் முறைக்காகக் காத்திருந்தவன் எழுந்து வந்து, தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினான். ஜன்னல் படாரென்று திறந்தது. திருவனந்தபுரத்து மழை மொத்தமும் உள்ளே வந்ததுபோல் ஒரு காற்று... மேசைத் தாள்கள் பறந்தன, குழுத்தலைவியின் சேலைத் தலைப்பு பறந்தது... விசிறி ஒரு முனகல் முனகி, அப்புறம் கர்ரென்று சுழன்றது!

அதன்பிறகு ஆதிராவை யார் நிறுத்த முடியும்? கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். தன் தவறை எப்படிச் சரிசெய்வாள் என்று பலகையில் வரைந்தே காட்டினாள். அறை முழுக்க ஜாதிபத்திரி மணந்தது. சுதீஷின் முறையும் முடிந்து, மாலையில் ஆதிராவின் பெயர்தான் அறிவிக்கப்பட்டது.

ஆதிரா அழுதுவிட்டாள். சபீனாவுக்கு போன் போட்டு, "கிடைச்சிருச்சுடி!" என்று கத்தினாள். கத்திய வாயோடு திரும்பினால் எதிரில் சுதீஷ். அவன் கை நீட்டுவதற்குள், போட்டியைப் பார்க்க வந்திருந்த அவன் நண்பன் அனீஷ் முந்திக்கொண்டான்.

"ஜன்னலைத் திறந்து கிராண்டைத் தூக்கிக் கொடுத்துட்டியேடா!"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆதிராவுக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால்... இது என் வெற்றி இல்லையா? இவன் போட்ட பிச்சையா?

"தேங்க்ஸ்," என்றாள் அவன் முகத்தைப் பாராமல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் படி இறங்கினாள்.

பணம் வந்தது, புது இயந்திரம் உருவானது. ஏசி அறையானாலும் மழையானாலும் ஓடுகிற இயந்திரம். ஆனால் மானியப் பட்டியலில் நம்பரைப் பார்த்து சுதீஷ் அழைக்கும்போதெல்லாம் ஆதிரா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எடுத்துத்தான் பேசேன் மோளே," என்றாள் சபீனா.

"என்னத்த பேசணும்? விட்டுக்கொடுத்த மகராசனுக்கு நன்றின்னா?"

"பின்னே எதுக்கு போன் அடிக்காத அன்னைக்கு மூஞ்சி இப்படி இருக்கு?"

ஆதிரா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்கு அடியில் நுழைந்தாள்.

அடுத்த பருவமழையில், வித்துராவில் புது இயந்திரம் ஊருக்காக முதன்முதலில் ஓடிய நாள். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் கூடை கூடையாகச் சிவந்த ஜாதிபத்திரியைக் கொண்டுவந்து கொட்டினார்கள். விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே, முழங்கால்வரை சேறோடு வாசலில் வந்து நின்றான் சுதீஷ்.

"நீங்க போன் எடுக்கல்ல. அதனால பஸ் ஏறிட்டேன்."

"எதுக்கு வந்தீங்க? விட்டுக்கொடுத்தது எப்படி ஓடுதுன்னு பாக்கவா?"

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. அவள் பார்த்திராத சுதீஷ் அது.

"யாரு விட்டுக்கொடுத்தா? அன்னைக்கு எனக்க மோட்டாரை நான் ஒரு குறையும் இல்லாம ஓட்டிக் காட்டினேன். அப்பா சாலை பஜார்ல இருக்குற தன் கடையில பாதி எடத்தை எனக்க மோட்டாருக்கு விட்டிருக்காரு. தோக்கணும்னா வருவேன்? முழு மூச்சா போட்டி போட்டேன், தோத்தேன். உங்க மெஷின் எனக்கதைவிட நல்லது. நான் நேர்மையா தோத்ததை தானமுன்னு சொல்லாதீங்க, ஆதிரா. அது எனக்கும் அவமானம், உங்களுக்கும் அவமானம்."

ஆதிராவின் நெஞ்சில் இத்தனை நாள் கிடந்த முள்ளை யாரோ பிடுங்கிப் போட்டதுபோல் இருந்தது. ஜெயித்தது நான்தான்... நானேதான்! அதைச் சொல்ல இவனே மலையேறி வரவேண்டியிருந்ததே!

"அப்போ... ஜன்னலை ஏன் திறந்தீங்க?"

"மழை வந்தா ஜன்னலைச் சாத்துற ஆளுகளைத்தான் பாத்திருக்கேன். திறக்கச் சொல்லி அதுல தொங்கின பொண்ணை அன்னைக்குத்தான் பாத்தேன். சும்மா இருக்க முடியல்ல..." மழைத்துளி தங்கிய இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள் மறுபடியும் சிரிக்கத் தொடங்கின. "அடுத்த வருஷம் நானும் கிராண்ட் வாங்குவேன், பாத்துக்கிடுங்க."

"வாங்குவீங்க. எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டாள். போதும் இந்த வீம்பு... "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"என்னது? மெஷின் சத்தத்துல கேக்கல்ல."

"பிடிச்சிருக்குன்னேன்!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா..."

"உங்களைக் கட்டிக்கணும்னு சொல்றேன்! கேக்குதா?"

தட்டுகளில் குனிந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். சபீனா கைகொட்டிச் சிரித்தாள். ஆதிராவுக்கு முகம் காதுவரை சிவந்தது, ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை. ஜெயித்தவள் எதற்குத் தாழ்த்த வேண்டும்?

"முதல் தடவையே கேட்டாச்சு," என்றான் சுதீஷ். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வாறேன்."