திறக்காத போன்

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை மாலை 4.10 மணிக்கு, ஏற்காடு ஒண்டிக்கடையில் உள்ள ஒரு பேக்கரியில் ஆன்மேரியின் வங்கிக் கார்டிலிருந்து ஒரு டீக்கும் ஒரு பன்னுக்கும் பணம் போனது. ஆன்மேரி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை அவளுடைய கணவர் ஏசுராஜ், ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் சிவசக்தியின் வீட்டுக்கு வந்தார். கையில் மனைவியின் போன். சட்டைப் பையில் எழுதி முடித்த புகார்.

“அவ குரல் எதுலயாச்சும் இருக்குமான்னு நேத்து சாயங்காலந்தானுங்க இதை ஆன் பண்ணினேன். குரல் இல்லீங்க. பேங்க் மெசேஜாக் கொட்டுச்சு. கார்டையும் காணோம். ஊடு கூட்ட வர்ற லூர்துசெல்விகிட்டத்தான் இன்னொரு சாவி. காலையில தெருவுல வெச்சே திருடின்னு சொல்லி அனுப்பிட்டேன். எழுதினது செரியான்னு பாருங்க, ஸ்டேஷன்ல குடுத்தர்றேன்.”

சிவசக்தியின் சொந்த ஜீப்பை ஓட்டும் கிங்ஸ்டன் எழுந்தே விட்டான். “அவளேதான் மேடம்! வண்டி எடுக்கட்டுங்களா?”

“உக்காரு. எவளைப் புடிக்கலாம்னே இருப்பியா?”

சிவசக்தி செய்திகளை நிதானமாகப் படித்தார். எல்லாம் அதே பேக்கரி, நாலு மணி வாக்கில், ஒரே தொகை. நவம்பருக்கு முன்னால் மட்டும் அது சரியாக இரட்டிப்பு.

“நீங்க டீ எங்க குடிப்பீங்க அண்ணா?”

“அங்கதானுங்க. அவ இருந்தப்ப ரெண்டு பேரும் போவோம். என் போன்லயே கட்டிருவேன். எஸ்டேட்ல செடி வெட்டக் கவாத்துக் கத்தி புடிச்ச கை, ரேகை தேஞ்சு போச்சு, போன் தொறக்காது. அவதான் என்னமோ பண்ணிக் குடுத்தா. இப்பத் தொறக்கவே வேண்டாங்க. மெசின்கிட்ட வெச்சாப் போதும்.”

சிவசக்தி நிமிர்ந்தார். “வாங்க, ஒரு டீ குடிக்கலாம்.”

பேக்கரியில் ஏசுராஜின் போனை அணைக்கச் சொன்னார். “இப்ப வைங்க.”

மெஷின் ‘பீப்’ என்றது. ரசீது வந்தது.

கிங்ஸ்டன் வாயைப் பிளந்தான். “அணைஞ்ச போன் எப்படிங்க மேடம் கட்டும்?”

“கட்டாது. போன் பணம் கட்டணும்னா அதைத் திறக்கணும். இவர் திறக்கவே வேண்டாம்னாரு. சின்னத் தொகைக்கு ரகசிய எண் கேக்காதது கார்டு. மெஷினுக்கு ரெண்டு விரல் தூரத்துல வந்தாப் போதும்.”

போனின் பின்னுறையைக் கழற்றினார். உள்ளே ஆன்மேரியின் கார்டு.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே,” என்றார் ஏசுராஜ்.

“சொல்லியிருந்தா அவங்க காசுல குடிச்சிருப்பீங்களா?”

“மாட்டேனுங்க.”

புகாரை ஏசுராஜ் அங்கேயே கிழித்தார்.

வியாழக்கிழமை கார்டு வங்கியில் ஒப்படைக்கப்பட்டது. ஏசுராஜ் இருமுறை போய்க் கூப்பிட்டும் லூர்துசெல்வி வேலைக்குத் திரும்பவில்லை. நாலு மணிக்கு அவர் சில்லறை கொடுத்து ஒரு டீ வாங்கிக் குடித்தார்.