ஜோடி இல்லாத குச்சி

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் பீயுன் தன் ஸ்கூட்டரைக் கோயில் வாசலில் நிறுத்தினாள். தைவானில், தைனான் நகரத்துக்கு மேற்கே, மீன்குளங்களுக்கு நடுவில் இருக்கும் சின்னக் கோயில் அது. கல்யாணம் கூட்டிவைக்கிற நிலாத் தாத்தாதான் அங்கே சாமி. தனக்கு நாற்பது நெருங்கியும் தன்னைக் கண்டுகொள்ளாத அந்தத் தாத்தாமேல் பீயுனுக்குக் கோபம் உண்டு. இருந்தாலும் ஊதுபத்தி கொளுத்தினாள்.

விஷயம் இதுதான். மறுநாள் காலை தெஷெங்கின் அம்மா பீயுன் தன் மகனுக்குப் பொருத்தமா என்று இதே கோயிலில் குறிக்குச்சி எடுக்க வரப்போகிறாள். தெஷெங் மீன்குளம் வைத்திருக்கிறவன், மனைவியை இழந்தவன். அவனுக்குப் பார்த்த மூன்று பெண்களையும் குச்சி சரியில்லை என்று அந்த அம்மாள் வேண்டாம் என்றிருந்தாள். தனக்கும் அதே கதிதானா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் பீயுனுக்குச் சோறு இறங்கவில்லை.

முறைப்படி தன் பெயரையும் விலாசத்தையும் சாமிக்குச் சொல்லிவிட்டு, எண் பொறித்த குச்சிகள் நிறைந்த மூங்கில் குடுவையைக் குலுக்கினாள். சலசலப்புக்கு நடுவே ஒரு குச்சி மெல்ல மேலேறிக் கீழே விழுந்தது. அதுதான் பதிலா என்று கேட்டுப் பிறைக் கட்டைகள் இரண்டையும் வீசினாள். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. ஆமாம் என்கிறார் சாமி. மூன்று தடவையும் அப்படியே விழுந்தது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் லியென் அக்கா குச்சியில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தாள். அந்த எண்ணுக்கான பலன் சீட்டை எடுக்கக்கூட அவள் போகவில்லை.

“தெஷெங் வீட்டுக்கா கேட்டே?”

“ஏங்க்கா?”

“அந்த மூணு பொண்ணுங்களுக்கும் இதேதான் விழுந்துச்சு. விரிச்ச பாயில ஏற்கெனவே ஆள் படுத்திருக்கு, தண்ணிப் பக்கம் போகாதேன்னு போட்டிருக்கும். விட்டுரும்மா. சாமி உன் நல்லதுக்குத்தான் சொல்லுது.”

“சாமிக்கென்னக்கா. அவரு என்ன, ஒத்தை ஆளா சமைச்சு ஒத்தை ஆளாவா தின்னுறாரு?”

லியென் அக்கா விளக்குக்கு எண்ணெய் எடுக்க உள்ளே போனாள். அந்த நேரத்தில் பீயுன் குச்சியைத் தன் மழைக்கோட்டுக் கைக்குள் செருகிக்கொண்டாள். குடுவையில் இல்லாத குச்சி நாளைக்கு எப்படி விழும் என்று அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

விழவில்லை. அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது.

புது வீட்டில் முதல் சாப்பாட்டின்போது மாமியார் ஓயாமல் பேசினாள். புரை விழுந்த கண். பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

“அன்னிக்கு லியென் சந்தைக்குப் போயிட்டா. நானே குலுக்கி, எண்ணை விரலால தடவிப் பார்த்து, சீட்டையும் எடுத்துட்டு வந்தேன். இவன்தான் படிச்சுச் சொன்னான். வா, வீடு உனக்காகக் காத்திருக்குன்னு இருந்துச்சாம். குச்சிதான் ஏனோ நனைஞ்சிருந்துச்சு. மழைதானே.”

பீயுன் மேசைமேல் இருந்த சாப்பாட்டுக் குச்சிக் குவளைக்குக் கை நீட்டினாள். அதில் சிவப்பு அரக்குப் பூசிய குச்சி ஒன்று மட்டும் தனியாக இருந்தது.

“இதுக்கு ஜோடி எங்கே அத்தை?”

மாமியார் குரலைத் தாழ்த்தினாள். “அது யூலானோடது. உனக்கு மூத்தவ. சீர்ல வந்த ஜோடி. போன மாசம் ஒண்ணு காணாமப் போச்சு. தூக்கிப் போட மனசு வரல.”

தெஷெங் தலை நிமிராமல் சாப்பிட்டான். யூலான் வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்தில்தான் மிதந்தாள். அதை அவன் பீயுனிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான்.

சில நாள் கழித்து, சாயங்கால வெளிச்சம் குளத்து நீரில் மங்கிக்கொண்டிருந்தபோது, பீயுன் சமையலறையில் தனியாகக் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சலசலவென்று சத்தம் கேட்டது.

எங்கோ கேட்ட சத்தம்தான். குடுவையைக் குலுக்குகிற சத்தம்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். மேசைமேல் குவளை தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சிவப்புக் குச்சி மெல்ல மேலேறியது.

அவள் காலடியில் விழுந்தது.

அது நனைந்திருந்தது. குளத்துச் சேற்று நாற்றம் அறை முழுவதும் பரவியது.

அலமாரியில் ஒளித்துவைத்திருந்த கோயில் குச்சியை எடுத்துக்கொண்டு பீயுன் ஸ்கூட்டரில் பறந்தாள். லியென் அக்காவின் கையில் அதைக் கொடுத்ததும் அழுகை வெடித்தது.

“நான்தான் திருடினேன்க்கா. திரும்ப வெச்சுடுங்க.”

“என்னம்மா சொல்றே? போன வாரம்தான் எண்ணினேன். ஒண்ணும் குறையலையே.”

லியென் அக்கா குடுவையைக் கவிழ்த்தாள். வெளிறிய மூங்கில் குச்சிகளுக்கு நடுவே சிவப்பாக ஒன்று கிடந்தது. அரக்கைச் சுரண்டி யாரோ நகத்தால் எண் கீறியிருந்தார்கள்.

“இது யூலானோட சாப்பாட்டுக் குச்சி, காணாமப் போனது,” என்றாள் பீயுன். பிறகு லியென் அக்கா காதோடு சொன்னாள். “உன் மாமியார் எடுத்தது இதைத்தான். தண்ணில செத்தவங்க, தன் இடத்துக்கு ஒரு ஆள் வராம அங்கேருந்து போக முடியாது. சாமி ஒவ்வொரு தடவையும் குறுக்க நின்னுச்சு. நீ அந்தக் குச்சியை எடுத்து அவளுக்கு இடம் விட்டுட்டே.”

“நான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகல. என்ன செய்யணும்னு சாமிகிட்டயே கேட்டுடுறேன்.”

லியென் அக்கா சிவப்புக் குச்சியைக் கையில் இறுக்கிக்கொண்டாள். மூங்கில் குச்சிகளைக் குடுவைக்குள் போட்டாள். திருடுபோன குச்சியும் அதில் சேர்ந்தது. பீயுன் மண்டியிட்டுப் பெயரைச் சொன்னாள். விலாசம் சொல்லும் இடத்தில் அவளுக்கு நாக்குத் தடுமாறியது. இப்போது அவள் விலாசம் அந்த வீடுதான். அதையே சொன்னாள்.

குலுக்கினாள். ஒன்று மேலேறிக் கீழே விழுந்தது.

சிவப்பு.

லியென் அக்கா தன் கையைத் திறந்து பார்த்தாள். அவளிடம் இருந்தது அங்கேயேதான் இருந்தது. தரையில் கிடந்தது, பீயுன் சமையலறையில் விட்டுவந்த மற்றொன்று. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதே எண்.

வா, வீடு உனக்காகக் காத்திருக்கிறது.

“கட்டையைப் போட்டுக் கேளு,” என்றாள் லியென் அக்கா.

பீயுன் வீசினாள். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. இன்னொரு தடவை வீசினாள். அப்படியேதான்.

மூன்றாவது தடவை அவள் கட்டைகளைத் தொடவே இல்லை. அவை தாமாகவே எழும்பி, ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தன.