மணமகள் அறையில் காணாமற்போன அருவி

குற்றாலத்தில் அருவியைக் காணோம் என்று ஸ்டேஷனுக்குப் போன் வந்தபோது சப்-இன்ஸ்பெக்டர் உலகம்மை சிரிக்கவில்லை. ஆடி மாதம், சாரல் பிடித்துவிட்டது. சீசன் வந்தால் இந்த ஊரில் என்னவெல்லாமோ காணாமற்போகும். செருப்பு போகும், சங்கிலி போகும், சில வேளை புருஷன்மாரே போவதுண்டு. அருவி மட்டும் இதுவரை போனதில்லை.

“எந்த அருவிம்மா?” என்று கேட்டாள்.

“எல்லா அருவியும்தான் மேடம்.” மறுமுனையில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். “ஒரு சின்ன டிஸ்க்குல இருந்துச்சு.”

பிற்பகல் மூன்று மணிக்கு ஜீப் தென்காசி சாலையிலிருக்கும் சிவகாமி மகாலின் முன் நின்றது. ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபம் சும்மா கிடந்ததால் ஒரு விநோதமான கச்சேரிக்கு வாடகைக்குக் கிடைத்திருந்தது.

உலகம்மை கூடத்தின் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கூடத்தைச் சுற்றி வட்டமாக எட்டு ஒலிபெருக்கிகள், ஆள் உயரத் தாங்கிகளின் மேல். வட்டத்துக்குள் வரிசை வரிசையாக நாற்காலிகள், எல்லாம் எதிரே இருந்த மணமேடையைப் பார்த்தபடி. நடுவில் ஒரு மேசை, அதன் மேல் லேப்டாப்பும் கம்பிகளும். அந்த மேசைக்குரிய ஒற்றை நாற்காலி மட்டும் வாசலைப் பார்த்துக் கிடந்தது. மணமேடையின் இரண்டு பக்கமும் துதிக்கை தூக்கிய பைபர் யானைகள். இடப்பக்கத்து யானையின் முதுகுத் துணி சரிந்து தொங்கியது. மைக் இல்லை, மிருதங்கம் இல்லை, தம்பூரா இல்லை.

“பாடுறது யாரு?”

“யாரும் பாட மாட்டாங்க மேடம்.” போனில் அழுத பெண்தான். பெயர் ஷாரோன், தென்காசிக்காரி, முப்பது வயதிருக்கும். “அருவிச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி, கம்ப்யூட்டர்ல அதை இழுத்து, வெட்டி, அரைச்சு, இந்த எட்டு ஸ்பீக்கர்ல ஓட விடுவேன். சத்தம் ஒரே இடத்துல நிக்காது. உக்காந்திருக்கவங்களைச் சுத்தி நடக்கும்.”

உலகம்மைக்கும் இசைக்கும் உறவு அதிகமில்லை. கடையத்தில் கோயில் கொடைத் திருவிழா நாட்களில் குழாய் ஒலிபெருக்கியின் அடியிலேயே படுத்துத் தூங்கி வளர்ந்தவள் அவள். என்றாலும் மூன்று வருஷ உழைப்பு போய்விட்டது என்று ஒருத்தி சொல்லும்போது அது என்னவென்று புரிந்துகொள்ள இசையறிவு வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். மாலை ஆறு மணிக்குக் கச்சேரி. பாரீசில் இந்த மாதிரி இசைக்கென்றே இருக்கும் ஒரு கூடத்திலிருந்து இருவர் வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் ஷாரோனுக்கு அங்கே இரண்டு வருஷம் இடம் உண்டு. நாளை காலையில் அவர்களுக்கு விமானம். இன்று மாலை விட்டால் விட்டதுதான்.

“நகல் எடுத்து வைக்கலையா?”

“இந்த இசையைக் கேக்கிற இடத்துலயே உக்காந்துதான் கோக்கணும் மேடம். இன்னைக்குக் காலையிலதான் முடிச்சேன், நகல் எடுக்க நேரமில்ல. முதல் பகுதி மட்டும் லேப்டாப்புல ஏத்தி ஒத்திகை பார்த்தோம். மீதி எல்லாம் டிஸ்க்குல, என் பையில, மணமகள் அறையில. ஒத்திகை முடிஞ்சு போய்ப் பார்த்தா டிஸ்க்கைக் காணோம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பயமா இருக்கு மேடம்.”

மணமகள் அறை மணமேடைக்குப் பக்கத்தில் இருந்தது. சாவி வெளியே ஆணியிலேயே தொங்கியது. நம்ம ஊர் பூட்டு சாவி லட்சணம் அவ்வளவுதான். வெள்ளைத் துணிப்பை கட்டிலில் கிடந்தது, ஜிப் திறந்து. உலகம்மை பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு அழுக்கில்லை.

ஒத்திகையின்போது கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டார்களாம். இருட்டில்தான் கேட்க வேண்டுமாம். திருடனுக்கு அதைவிட வசதி ஏது? ஷாரோனைத் தவிர அப்போது மண்டபத்தில் இருந்தவர்கள் நாலே பேர். ஏட்டு முத்துச்செல்வம் அவர்களுடைய பைகளையும் சட்டைகளையும் மண்டபத்து அறைகளையும் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உலகம்மை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

முதலில் மண்டப உரிமையாளர் சிவசுப்பிரமணியன். தென்காசியில் அரிசி மண்டி, நெற்றி நிறைய விபூதி, தொண்டை நிறையச் சத்தம்.

“நம்ம மண்டபத்துல இதுவரைக்கும் ஒரு கரண்டி காணாமப் போனதில்ல, பாத்துக்கிடுங்க. அந்த ஸ்பீக்கர்காரப் பய பாண்டியராஜ்தான் எடுத்திருப்பான். ரெண்டு தட்டு தட்டுங்க, கக்கிருவான்.”

“தட்டுறது பிறகு அண்ணாச்சி. நீங்க எங்கன இருந்தீய?”

“முதல் வரிசையில. என் மண்டபத்துல நான் வேற எங்கன இருப்பேன்?”

“கச்சேரி எப்படி?”

“அட போங்கம்மா. லைட்ட அணைச்சாவ. பிடரிக்குப் பின்னாடி சோன்னு ஒரே தண்ணிச் சத்தம். எந்தப் பய வாசக் கதவைத் திறந்து போட்டான்னு திரும்பிப் பாத்தேன். கதவு சாத்தித்தான் இருக்கு. இதுக்கு வெளிநாட்டுக்காரன் வேற வாரான்!”

அடுத்து பாண்டியராஜ். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவன். ஒத்திகை நேரம் முழுக்கப் பின்பக்கம் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன் என்றான். அவனை அங்கே பார்த்த ஆள் கிடையாது. முழங்கை வரைக்கும் டீசல் கறுப்பு, சட்டையிலும் அப்பியிருந்தது.

“காலையில உனக்கும் ஷாரோனுக்கும் சண்டையாமே?”

“ஆமா மேடம். ஸ்பீக்கர்ல சீரியல் லைட்டு சுத்தினேன். கொடைக்குச் சுத்துவோம்லா, அழகா இருக்கும். பிடுங்கி எறியச் சொல்லிட்டாவ. மனசு விட்டுப்போச்சு. அதுக்காவ களவாங்குவேனா?”

“பின்வாசல் வழியா யாரும் வந்தாங்களா, போனாங்களா?”

“என்னையத் தாண்டி ஒரு காக்கா போகல.”

மூன்றாவது பாலம்மாள், மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். ஷாரோன் கை காட்டியதும் விளக்கை அணைத்துவிட்டு, கூடத்துக் கதவைச் சாத்தி, வெளிப்படியில் உட்கார்ந்துகொண்டாளாம். அந்தப் பக்கமும் யாரும் போகவில்லை. அவளுக்கு வேறு மனக்குறை இருந்தது.

“நீங்களே சொல்லுங்கம்மா. மணமேடைக்கு முதுகைக் காட்டி யாராவது உக்காருவாவளா? இந்தப் பிள்ளை அத்தனை நாற்காலியையும் வாசலைப் பாக்கப் போட்டு வச்சிருக்கு. ஆவணி பிறந்தா இங்கன தாலி கட்டணும்லா? எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல பெருக்கி, ஒழுங்காத் திருப்பிப் போட்டேன். அதுக்குப் போய் என்னைய ஏசுதா.”

“அந்த யானையையும் தொடைச்சீங்களாக்கா?”

“பின்னே? துணியை உதறி நேராப் போட்டுட்டுத்தான் சாப்பிடவே போனேன்.”

உலகம்மை தலையாட்டிக்கொண்டாள்.

கடைசியில் ஜெபசிங். ஷாரோனோடு கல்லூரியில் படித்தவன். மூன்று வருஷமும் அவளோடு மைக்கைத் தூக்கிக்கொண்டு மலையேறியவன். மெலிந்த முகம், நிதானமான பேச்சு. மதியம் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, விளக்கை அணைப்பதற்கு முன்பே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னான்.

“எழுந்திரிக்கவே இல்லையா?”

“எப்படி மேடம் எழுந்திரிக்க மனசு வரும்? முதல்ல நேர் முன்னாடி மெயின் அருவி விழும், முகத்துல சாரல் அடிக்கிற மாதிரி. அது மெதுவா வலது பக்கமா நகர்ந்து ஐந்தருவியாப் பிரியும். அப்புறம் முதுகுக்குப் பின்னாடி போய்ப் பழைய குற்றாலம். கடைசியில எட்டு ஸ்பீக்கர்லயும் சொட்டுச் சொட்டா வடிஞ்சு நிக்கும். பிரமாதமா வந்திருந்தது. ஷாரோனுக்குப் போய் இப்படி நடந்துட்டே!”

இவ்வளவு அழகாக யாரும் அந்தக் கச்சேரியை அன்று சொல்லவில்லை. உலகம்மைக்குக் கேட்கவே இதமாக இருந்தது. இதமாக இருந்ததால்தான் சந்தேகமும் வந்தது.

மணி ஐந்தை நெருங்கியது. சிவசுப்பிரமணியன் பாண்டியராஜை ஜீப்பில் ஏற்றச் சொல்லிக் குதித்துக்கொண்டிருந்தார். பாண்டியராஜ் அழும் நிலையில் இருந்தான். ஷாரோன் வெளிநாட்டுக்காரர்களுக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டாள்.

“பொறு தாயி,” என்றாள் உலகம்மை. “அந்த முதல் பகுதியை இன்னொரு தடவை போடு. எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க. முழுசா அணைக்க வேண்டாம். ஒரு ட்யூப் லைட்டு எரியட்டும்.”

சிவசுப்பிரமணியன் முணுமுணுத்துக்கொண்டே முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஜெபசிங் கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டான். உலகம்மை மணமேடைப் படியில் ஏறி, அவர்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி நின்றாள். ஷாரோன் விசையைத் தட்டினாள்.

வாசல் பக்கத்து ஒலிபெருக்கிகளிலிருந்து அருவி இறங்கியது. உலகம்மைக்கே உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. சிவசுப்பிரமணியன் அசையவில்லை. இந்த வித்தை எனக்குத் தெரியும் என்பதுபோல மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஜெபசிங் துள்ளித் திரும்பினான். பாதி எழுந்து, வாசலைப் பார்த்து, பிறகு நாற்காலிகளைப் பார்த்து, கடைசியாக உலகம்மையைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“நிறுத்தும்மா,” என்றாள் உலகம்மை. “என்ன தம்பி, முதல் தடவை கேக்கிற மாதிரி திரும்பிப் பாக்கீய?”

உலகம்மை மேசைப் பக்கம் திரும்பினாள்.

“ஷாரோன், உனக்கு முன்பக்கம் எது?”

“வாசல் பக்கம் மேடம். அதான் என் மேசையை அப்படிப் போட்டிருக்கேன். நாற்காலியை பாலம்மாள் ஆச்சி திருப்பிட்டாங்க. ஒத்திகை முடிஞ்சு சரி பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்.”

“அப்போ இன்னைக்கு இந்த நாற்காலியில உக்காந்து கேட்டவனுக்கு மெயின் அருவி முதுகுப் பக்கம்தான் விழுந்திருக்கணும். அண்ணாச்சிக்கு அப்படித்தான் விழுந்திருக்கு. கதவைத் திறந்து போட்டாங்கன்னு திரும்பிப் பாத்திருக்காவ. தம்பிக்கு மட்டும் நேர் முன்னாடி விழுந்துச்சாம், முகத்துல சாரல் அடிச்சுதாம்.” உலகம்மை படியிலிருந்து இறங்கினாள். “தம்பி, நீங்க சொன்னது இங்க கேட்ட கச்சேரி இல்ல. உங்க மனசுக்குள்ள மூணு வருஷமா ஓடுற கச்சேரி. நாற்காலி திரும்பியிருந்ததைக் கண்ணு பாத்துச்சு. காது பாக்கல, ஏன்னா காது இங்கன இல்ல. மணமகள் அறையில இருந்துச்சு. கடைசியில சொட்டுச் சொட்டா வடியிறப்பதான் உள்ள வந்து உக்காந்திருக்கீய. அந்தச் சொட்டு எட்டு ஸ்பீக்கர்லயும் ஒண்ணா வருது, அதுக்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது.”

“அப்போ பாண்டியராஜ்?” என்றார் சிவசுப்பிரமணியன், விட மனமில்லாமல்.

“அவன் கையைப் பாருங்க அண்ணாச்சி. அந்தக் கையால வெள்ளைப் பையைத் தொட்டிருந்தா நாலு விரலும் பதிஞ்சிருக்கும்.”

உலகம்மை இடப்பக்கத்து யானையிடம் போனாள். பாலம்மாள் நேராகப் போட்ட பிறகும் சரிந்து கிடந்த துணியைத் தூக்கினாள். துணிக்கு அடியில் பைபர் விரிந்து ஒரு பிளவு. கையை உள்ளே விட்டு, சீட்டுக்கட்டு அளவிலிருந்த கறுப்புப் பெட்டியை எடுத்தாள்.

“என் யானையிலயா!” என்று சிவசுப்பிரமணியன் அலறினார்.

ஷாரோன் ஓடி வந்து அதை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. பிறகுதான் ஜெபசிங்கைப் பார்த்தாள்.

“ஏன் ஜெபா?”

“அழிக்கணும்னு நினைக்கல. இன்னைக்கு மட்டும் நடக்கக் கூடாதுன்னு...” அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். “செண்பகாதேவி அருவிக்கு மேல கயித்துல தொங்கி மைக் பிடிச்சது யாரு? அழைப்பிதழை எடுத்துப் பாரு. அடியில ‘நன்றி’ன்னு போட்டு என் பேரு. அதுவும் மண்டபத்துக்காரர் பேருக்குக் கீழ.”

“மேல போடச் சொன்னது நான்தான்,” என்றார் சிவசுப்பிரமணியன். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

ஷாரோன் அழைப்பிதழை எடுத்துப் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். முகம் சிவந்தது.

“புகார் எழுதித் தாரியாம்மா?” என்றாள் உலகம்மை.

“தாரேன் மேடம். திருட்டு திருட்டுதானே. ஆனா அவன் முழுசையும் ஒரு தடவை கேட்கட்டும். பாதி சத்தம் அவன் பிடிச்சது. அப்புறம் கூட்டிட்டுப் போங்க.”

பாலம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள். “நாற்காலியைத் திருப்பிப் போட்டுரட்டுமா பிள்ளை? நேரமாவுதே.”

ஷாரோன் உலகம்மையைப் பார்த்தாள். உலகம்மை தொப்பியை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா மெயின் அருவியில நம்ம யாரும் முகத்தைக் காட்டிக்கிட்டு நிக்கிறதில்ல. முதுகைத்தான் கொடுக்கோம்.”

“அப்படியே கிடக்கட்டும் ஆச்சி,” என்றாள் ஷாரோன்.

ஆறு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் இருவரும் யானைகளைப் படம் பிடித்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். விளக்கு அணைவதற்கு முன் ஷாரோன் எழுந்து, இந்தச் சத்தங்களைப் பிடித்தவர்கள் இரண்டு பேர் என்று சொல்லி, இரண்டு பெயரையும் சொன்னாள். கடைசி வரிசையில் ஏட்டு முத்துச்செல்வத்தின் பக்கத்தில் இருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இருட்டில் வாசல் பக்கமிருந்து அருவி விழத் தொடங்கியதும் கூடத்திலிருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பியது. ஜெபசிங் திரும்பவில்லை. முதுகைக் கொடுத்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.