வேலிக்குள் மேய்ந்தது

“என் ஆடு உள்ள போகல தம்பி, நான் சொல்றத…”

“போகாமத்தான் புல்லு மொட்டையாக் கெடக்குதா அண்ணி? வேற யாரு வந்து மேஞ்சா, நானா?”

“முழுசாக் கேளுங்க. ஒரு புழுக்கை கெடக்குதா? ஒரு குளம்புத் தடம்…”

“நாளைக்கி ஆபீஸ்காரங்க வந்து அறுத்து நிறுப்பாங்க. ஆடு வாய் வெச்சிருச்சுன்னா இந்தக் கரட்டையே அடைச்சிருவாங்க. அப்பறம் எங்க மேய்ப்பீங்க, என் தலையிலயா?”

மழை பொய்த்த அந்த 2003-ல், ரஞ்சன்குடிக்கு மேற்கே இந்தக் கரட்டு மேட்டை விட்டால் கலியம்மாளின் ஆடுகளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆடுகள் எவ்வளவு மேய்கின்றன என்று பார்ப்பதற்காக வனத்துறைக்காரர்கள் கரட்டின் நடுவில் ஒரு துண்டு நிலத்தை மட்டும் ஆளுயரக் கம்பிவலை போட்டு அடைத்திருந்தார்கள். வெளியே மேய்ந்த புல்லையும் உள்ளே மேயாத புல்லையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சாவியும் காவலும் அவள் கொழுந்தன் திருமுருகனிடம். அந்த வேலிக்குள்தான் முழங்கால் உயரக் கொழுக்கட்டைப் புல், ஒரு மூலையில் தரையோடு தரையாகக் கடிபட்டுக் கிடந்தது.

“உள்ள விடுங்க. வலையில எங்க ஓட்டைன்னு நானே பாக்குறேன்.”

“போங்க. ஆனா பூட்டிருவேன். தொறந்து வெச்சா ஒங்க முந்தானையப் புடிச்சிக்கிட்டே அத்தனையும் உள்ள வந்துரும்.”

அது நியாயந்தான். அவள் நுழைந்தாள். பின்னால் பூட்டு விழுந்தது.

வெயில் சாய்ந்து வேலியின் நிழல் புல்மேல் கட்டம் கட்டமாக விழுந்திருக்க, கம்பியைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தவளுக்கு, காய்ந்த புல்லின் வாசத்துக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை, அடைமழையில் நனைந்து ஊறிய ஆட்டுப்பட்டியின் வாடை, மெல்ல மெல்ல மூக்கில் ஏறியது. மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. வலையில் ஓட்டை இல்லை. கடைசி மூலையில் குனிந்தபோது, முதுகுக்குப் பின்னால் கேட்டது.

சரக்… சரக்… புல்லைப் பல் பிடுங்கும் சத்தம். நடுநடுவே ஒரு மூச்சு.

பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். ஏதோ ஒரு குட்டி எப்படியோ நுழைந்துவிட்டது என்றுதான் திரும்பினாள். குட்டி இல்லை. புல்நுனிகள் மட்டும் ஒவ்வொன்றாக நடுங்கிக் குட்டையாகிக்கொண்டிருந்தன.

பழக்கம் நாக்கில் இருந்தது. யோசிக்குமுன், விலகிப்போன ஆட்டைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுவிட்டாள்.

“பா… பா… பா…”

மேய்ச்சல் நின்றது.

அந்தக் குரலுக்கு ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிவரும் அவளுடைய ஆடுகள் வேலிக்கு வெளியே அசையாமல் நின்றன. காதுகள் விறைத்திருந்தன. பிறகு, ஒவ்வொன்றாகப் பின்வாங்கின.

புல் பிளந்தது. அவளை நோக்கி. நேராக.

கதவுக்கு ஓடினாள். “தொறங்க தம்பி! சீக்கிரம்!”

“இருங்க அண்ணி, இருங்க…” சாவி பூட்டில் ஏறியது.

அவள் குதிகாலில் சூடான மூச்சு பட்டது. தொங்கிய கையில், வியர்வையின் உப்பைத் தேடி, சொரசொரப்பான ஒரு நாக்கு. பொறுமையாக நக்கியது. அவள் திரும்பவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கொழுந்தனின் முகத்தையே பார்த்தாள்.

சாவி திரும்பவில்லை. அவன் கை அதை விட்டுவிட்டது.

அவன் கண்கள் அவள் காலடியில் இருந்தன. பின் இடுப்பு. பின் தோள். அவள் தலையைத் தாண்டி, வேலிக்கம்பத்தையும் தாண்டி, மேலே, இன்னும் மேலே போயின.

“தம்பி… என்னப் பாருங்க. எதுக்கு அவ்ளோ ஒசரத்துல பாக்குறீங்க?”