வளராத மருதாணி

ஊசி போட்டு வந்த பிறகு பொன்ராஜுக்குத் தாடி வளரவில்லை. சவரம் செய்த மறுநாளே சொரசொரக்கிற கன்னம், வாரங்கள் போயும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

கணையத்தில் புற்று. பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்கும்வரை தாங்கினால் போதும் என்றுதான் அந்தப் புது ஊசிக்கு ஒத்துக்கொண்டான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்குப் புரிகிற மாதிரிதான் டாக்டரும் சொன்னார். வைரஸிலிருந்து நோயை எடுத்துவிட்டு, அதை வெறும் லாரியாக்கி, ஒரு மரபணுவை ஏற்றி அனுப்புகிறோம். கட்டி வளர்வது மட்டுப்படும்.

"லோடு எறக்கினப்புறம் லாரி இன்னா ஆவும் டாக்டர்?"

அவர் சிரித்தார். "தானா அழிஞ்சிடும். அதுவரைக்கும் உங்க எச்சில் யாருக்கும் படக்கூடாது. தனித் தட்டு, தனி டம்ளர்."

அப்படியேதான் வைத்துக்கொண்டான். ஆனால் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குக் கல்மண்டபத்துத் தாய்வீட்டுக்கு வந்த மகள் வினிதா நண்டு கேட்டாள். சின்னதிலிருந்து அவளுக்கு நண்டுக் காலைப் பல்லால் உடைத்துச் சதை உருவிக் கொடுப்பது அவன்தான். கொடுத்தான். தட்டு தனி, டம்ளர் தனி. பல்லை யார் நினைத்தார்கள்?

கட்டி வளராமல் நின்றுவிட்டது என்று ஸ்கேனில் வந்தது. வீடே சிரித்தது.

அன்று சாயங்காலம், எண்ணூர்ப் பக்கம் ஊரும் கண்டெய்னர் லாரிகளில் ஜன்னல் கம்பி அதிர, டீசல் புகையும் கருவாட்டு வாடையும் கலந்து வந்துகொண்டிருந்தபோது, மனைவி மங்கை மாவுச் சட்டியைத் திறந்தாள்.

"இன்னாய்யா இது, இந்த வேக்காட்டுல மாவு பொங்கவே இல்ல?"

புளித்த வாசனையே இல்லை. அரைத்த கையோடு வருகிற பச்சை வாசனை.

"யாரு கரைச்சது?"

"ஒன் மவ சீமாட்டிதான். எங் கை பட்டா பொங்கி வழியும்னு பீத்திக்கினா."

அவன் திரும்பினான். வினிதா கட்டிலில் விரலை விரித்து விசிறிக்கொண்டிருந்தாள். வளைகாப்புக்கு வைத்த மருதாணி. உள்ளங்கையில் எப்போதோ அழிந்துவிட்டது. நகத்தில் மட்டும் அடிவரைக்கும் சிவப்பு. அடியில் துளி வெள்ளை எட்டிப் பார்க்கவில்லை.

வயிறு. வளைகாப்பன்றைக்கு இருந்த அதே வயிறு.

"இன்னா நைனா, பேயறஞ்சாப்புல பாக்கற? புள்ள நல்லாத்தான் கீது. பாரு."

கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள்.

உதைத்தது. சின்னக் குதிகால். வளைகாப்பன்று தொட்டது. கோலிக்குண்டு அளவு.

அதே அளவு.

"தேதி தாண்டியும் வெளிய வர மனசில்ல இதுக்கு." சிரித்தாள். "நண்டு ஒடச்சிக் குடு நைனா."

வாயைத் திறந்து காத்திருந்தாள். அவன் உள்ளங்கைக்கடியில் குதிகால் விலகாமல் முட்டிக்கொண்டே நின்றது.