முப்பத்தெட்டாயிரம் ஓகே

காலை ஆறு மணிக்குப் படுக்கை பரிதியை எழுப்பியது. முதுகெலும்பின் அளவுகளை மருத்துவ மையத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டது. "ஓகே" என்றான். குழாய் புதிய நீர்ப் பங்கீட்டு விதிகளைப் படித்துக் காட்டியது. "ஓகே." கண்ணாடி அவன் முகத்தை ஒரு சோப்பு விளம்பரத்துக்குக் கேட்டது. "ஓகே." காற்றழுத்தம் குறைந்தால் தன் மேல் வழக்குப் போடக்கூடாது என்றது கதவு. "ஓகே." அலமாரி மேல் தொட்டியில் கீரை காய்ந்து சருகாகியிருந்தது. அது எதுவும் கேட்கவில்லை.

காப்பித்தூள் டப்பாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தபோது சுவர் பேசியது. சேமிப்பில் இடம் போதவில்லை, ஓராண்டாகப் பேசாத குரல்களை நீக்கலாமா என்றது. அன்றைய பதினான்காவது ஓகேயைச் சொன்னான்.

"நன்றி. நிறைமதியின் குரல் ஏழு நாளில் நீக்கப்படும்."

மூடி கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

நிறைமதி அவன் மனைவி. பனிச்சுரங்கத்தில் அளவையாளர். சென்ற ஆண்டு ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனாள். பத்து மணிக்குச் சுரங்கத்தின் கூரை இறங்கியது. நிலவுக் குடியிருப்பின் சுவர்கள் உள்ளே பேசப்படும் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும், கேட்டால் திருப்பிச் சொல்லும். பரிதி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இருந்தான்.

நிலவில் கையெழுத்து கிடையாது. வாயால் சொல்லும் ஒரு சொல்தான் ஒப்பந்தம். எந்தச் சொல் என்று முதலில் குடியேறியவர்கள் இரண்டு மாதம் விவாதித்தார்கள். 'சரி' தள்ளப்பட்டது. கோபத்தில் ஒரு சரி, சலிப்பில் ஒரு சரி, ஆளை விடு என்பதற்கு ஒரு சரி. சட்டம் இதைத் தாங்காது என்றார்கள். 'ஓகே' வெளியிலிருந்து வந்த சொல், இசைவு என்ற ஒரு பொருளைத் தவிர அதற்கு வேறு சுமை இல்லை என்று முடிவாயிற்று. சொன்னால் சொன்னதுதான்.

"காது எங்க வெச்சிருந்த?" என்றாள் ரெஜினா, அவன் நடந்ததைச் சொன்னதும். அடுத்த அறைக்காரி. பாசிப் பண்ணையில் அவனுக்கு மேற்பார்வையாளர்.

"மூடி தேடிட்டு இருந்தேன்க்கா."

"நீ எப்பவும் எதையாவது தேடிட்டுதான் இருக்க. போன வாரம் உன் லீவை எனக்குத் தர்றியான்னு கேட்டேன்."

"என்ன சொன்னேன்?"

"ஓகேன்னு சொன்ன. எடுத்துக்கிட்டேன்."

பரிதி சிரிக்கவில்லை. ரெஜினா அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். "கெளம்பு. பொருள்நாடிகிட்ட மனு போடுவோம்."

பொருள்நாடி, சொற்களின் பொருளைத் தீர்மானிக்கும் எந்திரம். டிபன் கேரியர் உயரம்தான் இருக்கும். அகராதிகளை அது நம்புவதில்லை. ஒருவர் ஒரு சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறாரோ அதுவே அவர் வாயில் அதன் பொருள் என்பது அதன் விதி. ஐந்தாம் நாள் காலை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

"ஓகே என்றால் என்ன?" என்று கேட்டது.

"தெரியாது" என்றான் பரிதி.

"நல்ல தொடக்கம். மூன்று ஆண்டுகளில் முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று ஆறு முறை சொல்லியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் கேட்டேன். எந்திரங்களிடம் சொன்னவற்றில் நீங்கள் முழுதாகக் கேட்டபின் சொன்னது ஒன்றுகூட இல்லை."

"அப்புறம் என்ன? தீர்ப்பச் சொல்லிடுங்க" என்றாள் ரெஜினா.

"எந்திரங்கள் சொல்வதை யாருமே கேட்பதில்லை. அது பழக்கம், பொருள் ஆகாது. மனிதரிடம் சொல்லும்போதும் அந்தச் சொல் வெறுமையாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். இவரோடு வாழ்ந்த மனிதர் ஒருவர்தான்."

பரிதி நிமிர்ந்தான்.

"உங்கள் மனைவி கடைசியாக வேலைக்குப் போன நாள். கிளம்பும்போது உங்களிடம் ஒன்று சொன்னார். நீங்கள் ஓகே என்றீர்கள். என்ன சொன்னார்?"

அவன் யோசித்தான். கதவருகே அவள் காலணி மாட்டியது நினைவிருந்தது. பையின் நிறம் நினைவிருந்தது.

"தெரியாது."

"மறந்துவிட்டீர்களா? கேட்கவே இல்லையா?"

ரெஜினா தரையைப் பார்த்தாள்.

"கேட்கல" என்றான்.

"உண்மை. அதன் பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் ஓகே என்றீர்கள். அந்தக் கேள்விக்கு அது விடையே ஆகாது. இவர் வாயில் ஓகே என்பதற்குப் பொருள் இல்லை. இசைவு செல்லாது. குரல் நீக்கப்படாது. தீர்ப்பை நிபந்தனைகளோடு ஏற்கிறீர்களா?"

"ஓகே."

ரெஜினா அவன் முதுகில் ஓங்கி அடித்தாள். "என்ன நிபந்தனைன்னு முதல்ல கேளுடா!"

செய்தி பரவியது. மதியத்துக்குள் பொருள்நாடியின் வாசலில் நானூறு பேர் வரிசையில் நின்றார்கள். தாங்கள் எதையும் காதில் வாங்கியதில்லை என்று நிரூபிக்க வந்தவர்கள். சாட்சிக்குக் கணவனையோ மனைவியையோ அழைத்து வந்திருந்தார்கள். சாட்சிகள்தான் அதிக உற்சாகமாக இருந்தார்கள்.

பரிதி வீட்டுக்கு வந்தான். கதவு ஏதோ கேட்டது. பதில் சொல்லவில்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். தேதியைச் சொன்னான். காலை ஆறு ஐம்பத்தைந்து என்றான்.

டம்ளர் வைக்கும் சத்தம். காலணிச் சத்தம். பிறகு நிறைமதி.

"கீரைக்கு மூணு நாளைக்கு ஒருதரம் தண்ணி ஊத்து. நான் மறந்துடறேன்."

"ஓகே" என்றது அவன் குரல்.

காலணிச் சத்தம் கதவு வரை போய் நின்றது. அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"இப்ப நான் என்ன சொன்னேன்? சொல்லு பாப்போம்."