வெற்றுச் சில்லில் எழுந்த கோடு

எதுவும் வைக்காத சில்லில் கோடு எழுந்தது.

அஃபீபா நம்பவில்லை. சர்க்கரை நோயை மூச்சிலேயே கண்டுபிடிக்க அவள் செய்த சில்லு அது. கண்ணாடித் துண்டின் மேல் வெள்ளித் துகள்கள், அவற்றின் மேல் ஓர் அணு கனத்தில் கிராபீன் என்னும் கரிப் போர்வை. மூச்சின் வாசம் துளி ஒட்டினாலும் லேசர் ஒளியில் அது கணினித் திரையில் கோடாக எழுந்து காட்டிக்கொடுத்துவிடும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாத சரக்கு. ஆனால் இது இப்போதுதான் உறை பிரித்தது. யாரும் ஊதவில்லை. அவளும் முகக்கவசமும் லேசர் தடுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

திருச்செங்கோட்டுச் சாலைக் கல்லூரியின் லேசர் அறை. பொட்டு வெளிச்சம் விழுந்தாலும் அளவு கெட்டுவிடுமென்று சன்னலை அடைத்துக் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். யாராவது தெரியாமல் திறந்துவிடக் கூடாதே என்று உதவியாளர் காளியப்பன் வெளியே பூட்டிவிடுவார். அவள் கைப்பேசியும் அவரிடம்தான். வெளியே பட்டப்பகல். உள்ளே துணியின் புழுங்கல் வாடை, இயந்திர விசிறியின் ஓயாத இரைச்சல், சிவப்புத் தாள் ஒட்டிய திரையின் மங்கல் வெளிச்சம்.

கோடு தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

தன் மூச்சாக இருக்குமென்று அதை அடக்கிக்கொண்டு இருபது எண்ணினாள். கோடு நிற்கவில்லை. தூங்குகிறவர் மார்பைப் போல நிதானமாக ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் உயரம். மூச்சு கிட்டே வரவரக் கோடு உயரும் என்று அவளேதான் ஆய்வில் எழுதியிருந்தாள்.

சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கதவைத் தட்டினாள்.

“அண்ணா! கதவைத் தொறங்க!”

“ஏனுங்க மேடம், அதுக்குள்ள முடிஞ்சுதுங்களா?”

பூட்டு திறக்கும் சத்தம். கதவு அசைந்தது. திறக்கவில்லை.

“உள்ளாற தாப்பாள் போட்டிருக்கீங்களே. அதை எடுங்க.”

அவள் போடவில்லை. கதவின் உச்சியில் இருக்கும் தாழ்ப்பாள். ஸ்டூல் இல்லாமல் அவளுக்கு எட்டாது. ஸ்டூல் இயந்திரத்தருகே கிடந்தது.

திரும்பினாள்.

திரையில் கோடு படுத்துவிட்டது. தட்டையாக. சில்லின் பக்கத்தில் இப்போது யாரும் இல்லை.

“மேடம்? ஏனுங்க, என்னாச்சுங்க?”

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

கண்ணில் மாட்டியிருந்த லேசர் கண்ணாடியில் ஆவி படர்ந்து, சிவப்பு வெளிச்சம் மறைந்தது. விரலை நுழைத்து உள்பக்கம் துடைத்தாள். காய்ந்திருந்தது.

ஆவி மெல்ல விலகியது. மறுபடி படர்ந்தது. வெளிப்பக்கத்தில்.